அன்ட்ரியாஸ் பாப்பான்ட்ரூ: தோற்றவர்கள் வீடு திரும்ப வழிவிட்ட கிரேக்கப் பிரதமர்

1982 டிசெம்பர் இறுதியில் கிரேக்க நாட்டின் உள்நாட்டு அமைச்சரும் பொது ஒழுங்கு அமைச்சரும் ஓர் உத்தரவில் கையொப்பமிட்டார்கள். 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, அந்தப் போர் காரணமாக நாட்டைவிட்டு வெளியேறிய அரசியல் அகதிகள், 'கிரேக்க இனத்தவராக' இருப்பின், பிரஜாவுரிமை பறிக்கப்பட்டிருந்தாலும் தடையின்றித் திரும்பி வரலாம் என்பதே அதன் சாரம். போர் முடிந்து 33 வருடங்கள் கடந்திருந்தன. இருபது வயதில் மலைகளைத் தாண்டி ஓடியவர்களுக்கு அப்போது ஐம்பதைக் கடந்த வயது. அவர்களுடைய பிள்ளைகள் தாஷ்கன்டிலும் பிராக்கிலும் வார்சோவிலும் பிறந்து, தாய் தந்தையர் சொல்லக் கேட்ட ஊர்ப் பெயர்களை மட்டும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்த உத்தரவைப் பிறப்பித்த அரசின் தலைவர் அன்ட்ரியாஸ் பாப்பான்ட்ரூ. அகதிகளாக ஓடியவர்களின் இயக்கத்துக்கு எதிராக 1944இல் முதற் துப்பாக்கிச் சூடு நடந்தபோது பிரதமராக இருந்தவர் அவருடைய தகப்பனார் ஜோர்ஜியோஸ் பாப்பான்ட்ரூ. மூன்று தலைமுறையாகப் பிரதமர்களைத் தந்த குடும்பம் அது. கிரேக்கத்தில் அரசியல் பெரும்பாலும் குடும்பச் சொத்து. பாப்பான்ட்ரூ, கரமன்லிஸ், மிட்சோடாகிஸ் ஆகிய மூன்று குடும்பங்களின் கதையைச் சொன்னால் அந்த நாட்டின் கடந்த எழுபது வருட வரலாற்றின் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம். ஆனால் தகப்பன் கைவிட்ட காரியம் ஒன்றை மகன் எடுத்துச் செய்தது, அதையும் அரைகுறையாகச் செய்தது, அன்ட்ரியாசின் கதையில் மட்டுமே உண்டு.

தகப்பனின் பிள்ளை

அன்ட்ரியாஸ் 1919 பெப்ரவரி 5ஆம் திகதி கியோஸ் தீவில் பிறந்தார். தகப்பனார் ஜோர்ஜியோஸ் அப்போது அந்தத் தீவின் ஆளுநர். தாயார் சோபியா மினேய்கோ போலந்து வழிவந்தவர். ஜோர்ஜியோஸ் பின்னர் அவரை விவாகரத்துச் செய்து, அக்காலத்துப் புகழ்பெற்ற மேடை நடிகையான கிவேலியை மணந்துகொண்டார். மகன் பெரும்பாலும் தாயோடு வளர்ந்தார். தகப்பனோடு அவருக்கிருந்த உறவு கடைசிவரை பாசமும் பகையும் கலந்த ஒன்றாகவே இருந்தது.

ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, மெற்றாக்சாஸ் சர்வாதிகாரத்தின் பொலிசார் ட்ரொட்ஸ்கியவாதி என்று கூறி 1939இல் அவரைக் கைது செய்தார்கள். சித்திரவதைக்கு உள்ளானார். விடுதலையானதும் 1940இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1943இல் பொருளியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார், அமெரிக்கக் கடற்படையில் சேவை செய்தார், 1944இல் அமெரிக்கப் பிரஜையானார். பின்னர் மினசோட்டா, பேர்க்லி உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார். பேர்க்லியில் பொருளியல் துறைத் தலைவராகவும் உயர்ந்தார். 1951இல் மார்கரெட் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். நான்கு பிள்ளைகள். மூத்தவருக்குக் கிரேக்க வழக்கப்படி பாட்டனின் பெயரையே வைத்தார்: ஜோர்ஜ்.

இவ்வாறு அவர் இருபது வருடங்கள் கடல் கடந்து வாழ்ந்த காலத்தில்தான் அவருடைய நாடு இரண்டாகப் பிளந்தது.

1944 டிசெம்பரும் அதற்குப் பின்னும்

நாஜி ஜேர்மனியின் ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கிரேக்கத்தில் போராடிய அமைப்புகளுள் மிகப் பெரியது 'ஈயாம்' எனப்பட்ட தேசிய விடுதலை முன்னணி. அதன் ஆயுதப் பிரிவு 'ஏலாஸ்'. கம்யூனிஸ்டுகள் வழிநடத்தினாலும் சாதாரண விவசாயிகளும் ஆசிரியர்களும் பெண்களும் பெருவாரியாகச் சேர்ந்திருந்த இயக்கம் அது. ஜேர்மானியர் வெளியேறியதும், நாடு கடந்த அரசின் பிரதமராக இருந்த ஜோர்ஜியோஸ் பாப்பான்ட்ரூ பிரித்தானியத் துணையோடு 1944 ஒக்டோபர் 18ஆம் திகதி ஏதென்ஸ் வந்திறங்கினார். யார் ஆயுதத்தைக் கீழே வைப்பது என்ற கேள்வியில் கூட்டரசு உடைந்தது. டிசெம்பர் 3ஆம் திகதி சின்டாக்மா சதுக்கத்தில் ஈயாம் நடத்திய ஆர்ப்பாட்டத்தின் மீது பொலிசார் சுட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஐந்து வாரங்கள் ஏதென்ஸ் தெருக்களில் ஏலாசும் பிரித்தானியப் படையும் மோதின. கைதிகளையும் பணயக் கைதிகளையும் ஏலாஸ் கொன்றதும் அந்த வாரங்களில்தான். பின்னாளில் வலதுசாரிகள் அதையே முப்பது வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1945 பெப்ரவரியில் வார்கிசா உடன்படிக்கையின்படி ஏலாஸ் ஆயுதங்களை ஒப்படைத்தது. ஒப்படைத்தவர்களைக் கிராமம் கிராமமாக வலதுசாரிக் குழுக்கள் வேட்டையாடத் தொடங்கின. அதிலிருந்து 1946இல் முழு அளவிலான உள்நாட்டுப் போர் வெடித்தது.

போர் 1949 ஓகஸ்ட் இறுதியில், வடக்கே அல்பேனிய எல்லையை ஒட்டிய விட்சி, கிராமோஸ் மலைகளில் முடிந்தது. அமெரிக்கா கொடுத்த விமானங்களும் நேபாம் குண்டுகளும் கடைசிச் சமரில் பயன்பட்டன. கெரில்லாக்களுக்கு உணவும் ஆட்களும் கிடைக்காமல் செய்வதற்காக ஏறத்தாழ ஏழு இலட்சம் கிராம மக்களை அரசு ஏற்கெனவே மலைகளிலிருந்து இறக்கி நகர ஓரங்களில் வைத்திருந்தது. தோற்ற பக்கத்தில் எண்பதாயிரம் முதல் ஓர் இலட்சம் வரையிலானோர் எல்லை கடந்தார்கள் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் ஏறத்தாழ 28,000 பேர் சிறுவர்கள். கம்யூனிஸ்டுகள் அந்தச் சிறுவர்களைக் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றியதாகச் சொன்னார்கள். அரசு அதைக் கடத்தல் என்றது. இதே காலத்தில் அரசி பிரெடரிக்காவின் நிதியத்தில் இயங்கிய 'சிறுவர் நகரங்களில்' மறுபக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்கப்பட்டார்கள். இரண்டு பக்கத்திலும் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் இருந்தார்கள்.

எல்லை கடந்த போராளிகளில் பெரும்பகுதியினரைச் சோவியத் அரசு தாஷ்கன்டில் குடியேற்றியது. மற்றவர்கள் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா, யூகோஸ்லாவியா எனச் சிதறினார்கள். ஹங்கேரியில் அவர்கள் தம் கைகளால் கட்டிய கிராமம் ஒன்றுக்கு, 1952இல் ஏதென்சில் சுட்டுக் கொல்லப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் பெலோயானிசின் பெயரை வைத்தார்கள். அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது.

நாட்டுக்குள் அகப்பட்டவர்களின் நிலை வேறு. மக்ரோனிசோஸ் என்ற வரண்ட, ஆளில்லாத் தீவில் பல்லாயிரம் பேரை அடைத்து வைத்து 'தேசிய புனர்வாழ்வு' அளித்தார்கள். புனர்வாழ்வு முடிந்ததற்கு அடையாளம், 'நான் வருந்துகிறேன், கம்யூனிசத்தைக் கைவிடுகிறேன்' என்று எழுதிக் கையொப்பமிடும் கடிதம். அந்தக் கடிதம் ஊர்த் தேவாலயத்தில் வாசிக்கப்படும், பத்திரிகையில் அச்சிடப்படும். அதற்குப் பிறகும் விடுதலை இல்லை. அரச வேலைக்கும், பல்கலைக்கழக அனுமதிக்கும், சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும், கடவுச்சீட்டுக்கும் பொலிஸ் தரும் 'சமூக நம்பிக்கைச் சான்றிதழ்' வேண்டும். தகப்பன் ஏலாசில் இருந்தால் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்காது. பொலிஸ் நிலையங்களில் குடும்பம் குடும்பமாகக் கோப்புகள் வளர்ந்தன. போர் முடிந்து இருபத்தைந்து வருடங்கள், 1974 வரை, இந்த ஏற்பாடு நீடித்தது.

திரும்பி வந்த பேராசிரியர்

1959இல் ஆய்வு விடுமுறையில் ஏதென்ஸ் வந்த அன்ட்ரியாஸ், 1961இல் பொருளியல் ஆய்வு மையம் ஒன்றின் தலைவராக அங்கேயே தங்கினார். அந்த மையத்தை அமைக்க ஆதரவு தந்தவர், தகப்பனின் எதிர்க்கட்சிக்காரரான பிரதமர் கொன்ஸ்டன்டீனோஸ் கரமன்லிஸ். 1961 தேர்தலில் இராணுவமும் பொலிசும் கிராமங்களில் மக்களை மிரட்டி வாக்குப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி, ஜோர்ஜியோஸ் 'விட்டுக்கொடாப் போராட்டம்' என்ற பெயரில் நாடெங்கும் கூட்டங்கள் நடத்தினார். 1963 மே மாதம் இடதுசாரிப் பாராளுமன்ற உறுப்பினர் கிரிகோரிஸ் லம்ப்ராகிஸ் தெசலோனிக்கியில் பொலிசார் பார்த்துக்கொண்டிருக்கத் தாக்கப்பட்டு இறந்தார். கரமன்லிஸ் பதவி விலகி, பின்னர் பாரிசுக்குப் போய்விட்டார். 1964 பெப்ரவரித் தேர்தலில் ஜோர்ஜியோசின் மத்திய ஒன்றியம் 53 வீத வாக்குகளைப் பெற்றது.

அமெரிக்கப் பிரஜாவுரிமையைத் துறந்து அதே தேர்தலில் பாராளுமன்றம் வந்த மகனுக்குத் தகப்பன் உடனடியாக அமைச்சர் பதவி கொடுத்தார். கட்சியின் மூத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. நிதியமைச்சராக இருந்த மிட்சோடாகிஸ் அவர்களில் முக்கியமானவர். வாரிசு அரசியலின் பலனை அன்ட்ரியாஸ் அனுபவித்ததும், அதன் விலையை அரசு செலுத்தியதும் இங்கேதான். 'அஸ்பிடா' என்ற பெயரில் இராணுவத்துக்குள் இடதுசாரி இரகசியக் குழு ஒன்று இருக்கிறது, அதற்கு அன்ட்ரியாசோடு தொடர்பிருக்கிறது என்ற குற்றச்சாட்டு 1965இல் எழுந்தது. பாதுகாப்பு அமைச்சைத் தானே ஏற்க ஜோர்ஜியோஸ் விரும்பினார். மகன் மீது விசாரணை இருக்கும்போது அதற்கு இடமில்லை என்று இளம் மன்னர் இரண்டாம் கொன்ஸ்டன்டீன் மறுத்தார். 1965 ஜூலை 15ஆம் திகதி பிரதமர் வெளியேற்றப்பட்டார். அடுத்து வந்த வாரங்களில் மிட்சோடாகிஸ் உட்பட ஒரு பகுதி உறுப்பினர்கள் கட்சி மாறி, மன்னர் விரும்பிய அரசுக்கு ஆதரவளித்தார்கள். அதைக் கிரேக்கர்கள் இன்றும் 'துரோகம்' என்ற பொருள்படும் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். பாப்பான்ட்ரூ, மிட்சோடாகிஸ் குடும்பப் பகை அங்கே தொடங்கியது.

1967 மே 28ஆம் திகதிக்குத் தேர்தல் குறிக்கப்பட்டிருந்தது. மத்திய ஒன்றியம் வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏப்ரல் 21ஆம் திகதி அதிகாலை சில கேணல்கள் டாங்கிகளை வீதிக்கு இறக்கினார்கள். அன்ட்ரியாசின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு படையினர் நுழைந்தபோது அவர் கூரையில் ஒளிந்திருந்தார். பதினான்கு வயது மகன் ஜோர்ஜின் தலையில் ஒரு சிப்பாய் துப்பாக்கியை வைத்து, தகப்பன் எங்கே என்று கேட்டான். அன்ட்ரியாஸ் இறங்கி வந்து சரணடைந்தார்.

எட்டு மாதம் சிறை. அமெரிக்காவிலிருந்த பொருளியல் பேராசிரியர்கள், கல்பிரெய்த் போன்றவர்கள், ஜனாதிபதி ஜோன்சனிடமே முறையிட்டார்கள். 1967 நத்தார் பொதுமன்னிப்பில் விடுதலையாகி, அடுத்த மாதமே நாட்டைவிட்டு வெளியேறினார். சுவீடனிலும் பின்னர் கனடாவின் யோர்க் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தபடி, இராணுவ ஆட்சிக்கு எதிராக ஓர் இயக்கத்தை நடத்தினார். 1968 நவம்பர் 1ஆம் திகதி தகப்பனார் வீட்டுக்காவலின் நிழலிலேயே காலமானார். ஏதென்சில் இலட்சக்கணக்கானோர் அந்த இறுதி ஊர்வலத்தில் நடந்து, அதை இராணுவ ஆட்சிக்கு எதிரான முதலாவது பெரிய ஆர்ப்பாட்டமாக மாற்றினார்கள். மகனுக்கு வர வழியில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு தொலைபேசியில் மரணச் செய்தி கேட்டவர்களுக்கு இது விளக்க வேண்டிய விடயமல்ல.

பாசோக்

சைப்பிரசில் தாம் தூண்டிய ஆட்சிக்கவிழ்ப்பும், அதற்குப் பதிலாக 1974 ஜூலை 20ஆம் திகதி துருக்கி நடத்திய படையெடுப்பும் கேணல்களின் ஆட்சியைச் சரித்தன. கரமன்லிஸ் பாரிசிலிருந்து திரும்பி வந்து பிரதமரானார். அன்ட்ரியாஸ் ஓகஸ்டில் வந்தார். தகப்பனின் பழைய கட்சியைப் பொறுப்பேற்கும்படி கேட்டவர்களைத் தட்டிக்கழித்து, செப்டெம்பர் 3ஆம் திகதி 'பாசோக்' எனப்படும் அகில கிரேக்க சோசலிச இயக்கத்தைத் தொடங்கினார். தேசிய சுதந்திரம், மக்கள் இறைமை, சமூக விடுதலை என்பன அதன் முழக்கங்கள். நேட்டோவிலிருந்து விலகுவோம், அமெரிக்கத் தளங்களை அகற்றுவோம், ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரமாட்டோம் என்று அவர் மேடைகளில் முழங்கினார். 1974இல் 13.6 வீதம், 1977இல் 25.3 வீதம், 1981 ஒக்டோபர் 18ஆம் திகதி 48 வீதமும் 300இல் 172 ஆசனங்களும். 'மாற்றம்' என்ற ஒற்றைச் சொல்லில் நடந்த பிரசாரம் அது. போருக்குப் பிந்திய முப்பது வருடங்களில் பொலிஸ் கோப்பு வைத்திருந்த குடும்பங்கள் முதன்முறையாகத் 'தம்முடைய' அரசைப் பார்த்த நாள் என்று அந்தத் தலைமுறையினர் அதைச் சொல்வார்கள்.

முதல் நான்கு வருடங்களில் செய்தவை அதிகம். வாக்களிக்கும் வயது 18 ஆனது. தேவாலயத்துக்கு வெளியே பதிவுத் திருமணம் சட்டபூர்வமானது. 1983இல் குடும்பச் சட்டம் திருத்தப்பட்டுச் சீதனம் ஒழிக்கப்பட்டது. திருமணமான பெண் தன் பெயரையே வைத்திருக்கும் உரிமை பெற்றாள். அதே வருடம் தேசிய சுகாதார சேவை நிறுவப்பட்டு, கிராமங்களில் சுகாதார நிலையங்கள் எழுந்தன. கிரேக்க எழுத்தின் பழைய உச்சரிப்புக் குறிகள் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. கலாசார அமைச்சரான நடிகை மெலினா மெர்குரி, பார்த்தினன் சிற்பங்களைத் திருப்பித் தரும்படி பிரித்தானியாவைக் கேட்டு உலகறியச் செய்தார்.

ஆனால் மிகக் கசப்பான விவாதம் நடந்தது 1982 கோடையில், தேசிய எதிர்ப்பியக்கத்தை அங்கீகரிக்கும் சட்டத்தின் மீதுதான். 1941 முதல் 1944 வரை ஆக்கிரமிப்பாளருக்கு எதிராகப் போராடிய எல்லோரும், ஈயாமும் ஏலாசும் உட்பட, தேசத்தின் எதிர்ப்புப் போராளிகள் என்றது அந்தச் சட்டம். வலதுசாரிப் புதிய ஜனநாயகக் கட்சி வாக்கெடுப்புக்கு நில்லாமல் சபையைவிட்டு வெளியேறியது. உள்நாட்டுப் போரில் அரச படை பெற்ற வெற்றியை ஒவ்வொரு வருடமும் கொண்டாடி வந்த அரச விழாக்களும் நிறுத்தப்பட்டன. அரசியல் தேவையும் இதில் இருந்தது. இடதுசாரிக் குடும்பங்களின் வாக்கு கம்யூனிஸ்ட் கட்சியிடமிருந்து பாசோக்கிடம் வர இதைவிட நல்ல வழி இல்லை. அதனால் அந்த அங்கீகாரத்தின் மதிப்புக் குறைந்துவிடுகிறது என்று நான் கருதவில்லை. முப்பது வருடமாகத் தகப்பனின் பெயரை வெளியில் சொல்லாமல் வாழ்ந்த ஒருவருக்கு, அரசின் நோக்கம் என்ன என்பது இரண்டாம் பட்சம்.

சட்டம் எங்கே நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். அது ஜேர்மானியரை எதிர்த்ததை மட்டுமே அங்கீகரித்தது. 1946 முதல் 1949 வரை மலைகளில் அரசை எதிர்த்துப் போராடியவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சட்டப் புத்தகங்களில் அந்தப் போரின் பெயர் 'கொள்ளைக்காரர் போர்' என்றே இருந்தது.

அடுத்து வந்தது, தொடக்கத்தில் சொன்ன அகதிகள் உத்தரவு. அதற்கு முன் கரமன்லிஸ் அரசும் அகதிகளை அனுமதித்தது. ஆனால் ஒவ்வொரு விண்ணப்பமாகப் பொலிஸ் பரிசீலித்தது. 1982க்குப் பிறகு கதவு திறந்தது. கெரில்லாப் படையின் முன்னாள் தளபதி மார்கோஸ் வபியாடிஸ் 1983இல் சோவியத் யூனியனிலிருந்து திரும்பினார். சில வருடங்களில் பாசோக் பட்டியலிலேயே பாராளுமன்றமும் சென்றார். பறிமுதலான காணிகளைத் திருப்பித் தருவதற்கோ ஈடு கொடுப்பதற்கோ 1985இல் சட்டம் வந்தது. திரும்பியவர்களில் பலருக்குப் பழைய ஊரில் வீடும் இல்லை, உறவும் இல்லை. பிள்ளைகள் பேசிய கிரேக்க மொழியைக் கேட்டு அயலவர்கள் அவர்களை 'ரஷ்யர்' என்றும் 'போலந்துக்காரர்' என்றும் அழைத்தார்கள்.

'கிரேக்க இனத்தவராக இருப்பின்' என்ற அந்த மூன்று சொற்களில் இன்னொரு கதை இருந்தது. வடக்கு மலைக் கிராமங்களில் ஸ்லாவிய மக்கெதோனிய மொழி பேசியவர்கள் உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் கெரில்லாப் படையின் பெரும்பகுதியாக இருந்தார்கள். மிகக் கொடிய சமர்கள் நடந்தது அவர்களுடைய ஊர்களில்தான். பலர் யூகோஸ்லாவியாவின் ஸ்கொப்யேயில் குடியேறியிருந்தார்கள். தம்மை மக்கெதோனியர் என்று சொல்லிக்கொண்ட அவர்களுக்கு 1982இன் உத்தரவிலோ 1985இன் காணிச் சட்டத்திலோ இடமில்லை. ஒரே பதுங்குகுழியில் இருந்த இருவரில் ஒருவர் வீடு திரும்ப, மற்றவர் எல்லையில் நிறுத்தப்பட்டார்.

வாய்ச்சொல்லும் வரவுசெலவும்

வெளியுறவில் அவர் பேசியதற்கும் செய்ததற்கும் இடைவெளி பெரிது. நேட்டோவிலிருந்து கிரேக்கம் விலகவில்லை. அமெரிக்கத் தளங்கள் பற்றி 1983இல் புதிய உடன்படிக்கை கையெழுத்தானது. தளங்கள் போகின்றன என்றது ஏதென்ஸ். இருக்கின்றன என்றது வொஷிங்டன். தளங்கள் இருந்தன. பொதுச் சந்தையை எதிர்த்தவர் அதிலிருந்து கமத்தொழில் மானியங்களையும், 1985இல் மத்தியதரைப் பிரதேசங்களுக்கான பெருந்தொகை நிதியையும் பேரம் பேசிப் பெற்றார். 1982இல் சைப்பிரஸ் சென்றார். அங்கு சென்ற முதலாவது கிரேக்கப் பிரதமர் அவரே. யாசிர் அரபாத்தை ஏதென்சில் வரவேற்றார்.

எமது பிராந்தியத்தோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1984 மே மாதம் இந்திரா காந்தி, சுவீடனின் ஓலொப் பால்மே, தன்சானியாவின் ஜூலியஸ் நியரேரே, ஆர்ஜென்டீனா, மெக்சிகோ ஜனாதிபதிகள் ஆகியோரோடு சேர்ந்து அணு ஆயுதப் பரிசோதனைகளை நிறுத்தும்படி அமெரிக்காவையும் சோவியத் யூனியனையும் கேட்ட ஆறு நாட்டுத் தலைவர்களில் பாப்பான்ட்ரூவும் ஒருவர். 1985 ஜனவரியில் டில்லியில் ராஜீவ் காந்தியின் அழைப்பில் கூடியபோது, தொடங்கி வைத்த இந்திரா காந்தி உயிரோடில்லை.

பொருளியல் பேராசிரியரின் பொருளாதாரம்தான் அவருடைய பலவீனம். சம்பளமும் ஓய்வூதியமும் உயர்ந்தன. நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அது நியாயமாகவும் பட்டது. ஆனால் அரச வேலைகள் பச்சைக் கொடிக்காரருக்கு, அதாவது பாசோக் ஆதரவாளருக்கு, என்று ஆகியது. முன்பு வலதுசாரிகள் சான்றிதழ் பார்த்து வேலை கொடுத்தார்கள். இப்போது கட்சி உறுப்புரிமை பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டில் அரச கடன், மொத்த உற்பத்தியோடு ஒப்பிடுகையில், இரண்டு மடங்குக்கும் மேலாக வளர்ந்தது. 1985 தேர்தலில் மீண்டும் வென்ற சில மாதங்களிலேயே நாணயத்தை 15 வீதம் மதிப்பிறக்கிச் சம்பள உயர்வுகளை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கடுமையான வேலையைப் பொருளாதார அமைச்சர் கோஸ்டாஸ் சிமிடிஸ் செய்தார். இரண்டு வருடத்தில் அவரையும் கைவிட்டார்.

எரிந்த கோப்புகள்

1988இல் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. லண்டன் ஹெயர்பீல்ட் வைத்தியசாலையில் அவருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தது. திரும்பி வந்து விமானப் படியில் நின்றபடி, பின்னால் நின்ற விமானப் பணிப்பெண் டிமிட்ரா லியானியை முன்னே வரும்படி கையசைத்து அழைத்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 38 வருட மணவாழ்வு 1989இல் விவாகரத்தில் முடிந்தது. பெண்களுக்கான சட்டங்களுக்குப் பின்னால் உழைத்தவர் மார்கரெட் என்பதால் பல பெண்கள் இதை மன்னிக்கவில்லை. அதே காலத்தில், கிரீட் வங்கியின் உரிமையாளர் கொஸ்கோடாஸ் 200 மில்லியன் டொலருக்கும் மேல் மோசடி செய்தது அம்பலமானது. அரச நிறுவனங்களின் பணத்தை அந்த வங்கிக்குத் திருப்பிவிட்டதில் பிரதமருக்கே பங்கு உண்டு என்று அவர் குற்றஞ்சாட்டினார்.

1989 ஜூன் தேர்தலில் பாசோக் தோற்றது. பாப்பான்ட்ரூவை விசாரணைக்கு அனுப்புவதற்காக, யாரும் நினைத்திராத கூட்டணி ஒன்று பிறந்தது: வலதுசாரிப் புதிய ஜனநாயகமும் கம்யூனிஸ்டுகள் உள்ளிட்ட இடதுசாரிக் கூட்டும். நாற்பது வருடங்களுக்கு முன் ஒருவரையொருவர் கொன்றவர்கள் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தார்கள். பாப்பான்ட்ரூ தொடங்கி முடிக்காமல் விட்டதை அவர்களே முடித்தார்கள். 'கொள்ளைக்காரர் போர்' என்ற சொல்லைச் சட்டங்களிலிருந்து நீக்கி 'உள்நாட்டுப் போர்' என மாற்றினார்கள். 1989 ஓகஸ்ட் 29ஆம் திகதி, கிராமோசில் போர் முடிந்த நாற்பதாவது வருடத்தில், மில்லியன்கணக்கான பொலிஸ் கோப்புகளை உருக்காலை உலைகளில் போட்டு எரித்தார்கள். வரலாற்றாசிரியர்கள் தடுத்துப் பார்த்தார்கள். எவர் காட்டிக்கொடுத்தார், எவர் சித்திரவதை செய்தார், எவர் எங்கே புதைக்கப்பட்டார் என்பதற்கான சாட்சியமும் அந்த உலையில்தான் போனது. கோப்பில் பெயர் இருந்தவர்களில் நிம்மதி அடைந்தோரும் உண்டு, என் தகப்பனைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று பார்க்கும் உரிமை எனக்கில்லையா என்று கேட்டோரும் உண்டு. இரண்டாமவர்களின் பக்கமே நியாயம் என்பது என் எண்ணம்.

அந்த நல்லிணக்கத்துக்காகப் புதிய ஜனநாயகத்துக்குள்ளிருந்து முன்னின்று உழைத்தவர் பாவ்லோஸ் பக்கோயானிஸ், மிட்சோடாகிசின் மருமகன். 1989 செப்டெம்பர் 26ஆம் திகதி 'நவம்பர் 17' என்ற ஆயுதக் குழு அவரைச் சுட்டுக் கொன்றது.

1990இல் மிட்சோடாகிஸ் பிரதமரானார். பாப்பான்ட்ரூ மீதான வழக்கு 1991இல் விசேட நீதிமன்றத்தில் தொடங்கியது. அவர் ஒரு நாளும் நீதிமன்றம் செல்லவில்லை. அவருடைய முன்னாள் துணைப் பிரதமர் குட்சோயோர்கஸ் நீதிமன்றத்திலேயே மயங்கி விழுந்து, சில நாட்களில் இறந்தார். 1992 ஜனவரியில் ஏழுக்கு ஆறு என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில் பாப்பான்ட்ரூ விடுவிக்கப்பட்டார். 1993 ஒக்டோபரில் மக்கள் 46.9 வீத வாக்குகளோடு அவரை மூன்றாம் முறை பிரதமராக்கினார்கள்.

இம்முறை வந்தது நோயாளி. யூகோஸ்லாவியா உடைந்து பிறந்த மக்கெதோனியக் குடியரசின் பெயரை எதிர்த்து 1994 பெப்ரவரியில் அதன்மீது பொருளாதாரத் தடை விதித்ததும், 1995 செப்டெம்பரில் இடைக்கால உடன்படிக்கை செய்து அதை நீக்கியதும் கடைசிப் பெரிய முடிவுகள். 1995 நவம்பரில் ஒனாசிஸ் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். இரண்டு மாதங்கள் இயந்திரங்களின் உதவியோடு உயிர் தரித்திருக்க, நாடு பிரதமரின்றி இயங்கியது. 1996 ஜனவரியில் பதவி விலகக் கையொப்பமிட்டார். அவர் ஒருகாலத்தில் கைவிட்ட சிமிடிஸ் பிரதமரானார். ஜூன் 23ஆம் திகதி, 77 வயதில், அன்ட்ரியாஸ் காலமானார்.

மகன் ஜோர்ஜ் 2009இல் பிரதமரானார். மூன்று தலைமுறைக் கடன் அவர் கையில் வந்து விழுந்தது. 2010 ஏப்ரலில் சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தியவர், அடுத்த வருடம் பதவி இழந்தார். பாசோக்கும் அதோடு நொறுங்கியது. 2019இல் ஆட்சிக்கு வந்தவர் பழைய மிட்சோடாகிசின் மகன் கிரியாகோஸ்.

ஜோர்ஜ் வெளியுறவு அமைச்சராக இருந்த 2003இல், தகப்பனின் உத்தரவு வெளியே விட்ட ஸ்லாவிய மக்கெதோனிய அகதிகள் குறுகிய கால விசாவில் வந்து பிறந்த ஊரைப் பார்த்துப்போகக் கிரேக்கம் அனுமதித்தது. 1948இல் கைப்பிடித்துக் கூட்டிச் செல்லப்பட்ட சிறுவர்கள் அறுபது, எழுபது வயதில் பேருந்துகளில் வந்தார்கள். கடவுச்சீட்டில் பிறந்த ஊரின் பெயர் கிரேக்கத்தில் அல்லாமல் பழைய ஸ்லாவிய மொழியில் இருந்ததால், எல்லையிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.